முகம் வேண்டாம் என்றாள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கோடை விடுமுறையில் காசிமேட்டில் நடந்தது இது. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி சென்னைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சில கல்லூரி மாணவர்கள் ஆவணப்படம் எடுத்தார்கள். நான் ராயபுரத்தில் பள்ளி ஆசிரியை. வீட்டில் தெலுங்கு பேசுவோம். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கருவாடு காயப்போடும் களத்தில் ஒரு பெண்ணைப் படம்பிடித்தோம். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கம் ஏதோ கிராமம். சின்ன மகளோடு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. “முகத்தைக் காட்ட வேணாம் அக்கா” என்று தெலுங்கில் சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, “ஒண்ணும் ஆகாதும்மா” என்று சமாளித்துவிட்டேன். அவள் சொன்னதை மாணவர்களிடம் சொல்லவே இல்லை.

முன்னோட்டம் தயாரானதும், பெருமை தாங்காமல் ஆந்திரச் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது எங்கெங்கோ போயிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, அவள் குடியிருந்த வீட்டுக்கார அம்மா போன் செய்தார். அவரும் அதே களத்தில்தான் வேலை செய்கிறார்.

“இன்னா டீச்சரு, வீடியோவப் பாத்துட்டு அவ புருசன் இங்க களத்துக்கே வந்து கத்திக்கினு கீறான். அவன் அடி தாங்காமத்தான் ஊர வுட்டே ஓடியாந்துச்சு அந்தப் பொண்ணு. இப்போ கொயந்தையத் தூக்கிக்கினு எங்க போச்சுன்னே தெர்ல!”

அவள் போன் அணைந்திருந்தது. ஆட்டோ பிடித்து, அவள் குடியிருந்த திருவொற்றியூருக்குப் போனேன். அவள் அறை பூட்டிக் கிடந்தது. பேருந்து நிலையத்தில் இல்லை. குழந்தையோடு போகும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தேன். அவன் எனக்கு முன்னால் பார்த்திருந்தால்?

கடைசியில் ரயில் நிலையத்தில், கும்மிடிப்பூண்டி வண்டி நிற்கும் நடைமேடையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் மகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தாள்.

“அவரைக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“இல்லம்மா, நான் மட்டும்தான்” என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குப் பின்னால் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்துகொண்டிருந்தது. அப்போது வீட்டுக்கார அம்மாவின் போன் வந்தது. அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“கெடச்சுதா? இட்டுக்கினு வாம்மா. அவன புடிச்சு போலீசாண்ட குட்த்துட்டோம். இத்தினி பேரு கீறோம், இன்னாத்துக்கு பயம்?”

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் வண்டியைப் போகவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

படத்திலிருந்து அவள் முகத்தை மாணவர்கள் எடுத்துவிட்டார்கள். அவள் இன்னும் அதே களத்தில்தான் வேலை செய்கிறாள். பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். என்ன காரணம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அதைக்கூடக் கேட்காமல் ஒருத்தியின் உயிர்ப்பயத்தை வெட்கம் என்று நானே முடிவுகட்டிய அந்த நிமிடம் இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை.