றோஸ் அக்கா கொண்டுபோன கறிமீன்

2005ஆம் ஆண்டு வாடைக்காலத்தில் றோஸ் அக்காவின் காலில் சிப்பி வெட்டியது. தம்பி றொமேஷின் வலையைக் கரையில் இழுத்தபோது பட்ட சின்னக் காயம். நொண்டிக்கொண்டு எங்கள் தீவின் மருந்தகத்துக்குப் போனார். அங்கே பொறுப்பாக இருந்தவர் மயூரநாதன். கடலுக்கு அப்பால் சரவணை என்ற ஊர்க்காரர். மனைவி அம்பிகையுடன் மருந்தகத்தின் பின்வீட்டில் இருந்தார். தீவில் வேறு வைத்தியர் இல்லாததால் அவரை எல்லோரும் டொக்டர் ஐயா என்போம்.

றோஸ் அக்கா எதையும் மறைக்கவில்லை. கணவர் பிலிப்பு இறந்தபின் செய்த பரிசோதனையில் தனக்கும் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது என்றும், யாழ்ப்பாணத்தில் மருந்து எடுப்பதாகவும் அவரிடம் மட்டும் சொன்னார்.

மயூரநாதன் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். பஞ்சையும் மருந்துப் போத்தலையும் வாசற்படியில் வைத்தார்.

"நீரே கட்டும். இனி இங்க வராதேயும். யாழ்ப்பாணம் போம்."

பின்னேரமே அம்பிகை கிணற்றடியில் கதையை அவிழ்த்துவிட்டார். மறுநாள் குடிதண்ணீர்க் கிணற்றில் றோஸ் அக்காவுக்கென்று வேறு வாளி தொங்கியது.

கால் வீங்கியது. றொமேஷ் ஒருமுறை யாழ்ப்பாணம் கூட்டிப்போனான். தினமும் கழுவிக் கட்டாவிட்டால் காலையே எடுக்க நேரிடும் என்றார்கள் அங்கே. கடல் குழம்பியிருக்கும் காலத்தில் தினமும் யாரால் கடக்க முடியும்?

"டொக்டருக்கு நாலு அடி குடுக்கட்டே அக்கா?" என்றான் றொமேஷ்.

"குடுத்தால் உன்னைத்தான் பிடிப்பாங்கள். நீ சும்மா இரு. நான் மீன் குடுக்கிறன்."

எங்கள் வள்ளங்கள் கரைக்கு வந்ததும், விற்பதற்கு முன் சுவாமியாருக்கும் ஆசிரியருக்கும் மருந்தகத்துக்கும் ஒரு கறிக்கான மீனைக் கறிமீன் என்று பிரித்துவைப்பது வழக்கம். அதை வேண்டாம் என்பது வள்ளத்தைப் பழிப்பது. பழித்தவரை ஒரு வள்ளமும் ஏற்றாது. பிறகு மயூரநாதன் சரவணைக்கு நீந்தித்தான் போகவேண்டும்.

மறுநாள் முதல் றோஸ் அக்கா தன் கையாலேயே மீனை வெட்டி, கழுவிக் கொண்டுபோனார்.

"ஓரா மீன் ஐயாவுக்கு விருப்பமெல்லே? நல்லாப் புளி விட்டுக் காய்ச்சுங்கோ."

அம்பிகை சட்டியை எட்டப் பிடித்து நீட்டுவார். வாங்கிய மீனை வேலிக்குப் பின்னால் புதைத்தார்கள். நாய்கள் கிளறியெடுத்ததில் அது றோஸ் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அடுத்த நாள் இன்னும் பெரிய மீனாகக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை மயூரநாதன் ஊருக்குப் போகத் துறைக்கு வந்தார். தீவில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். றோஸ் அக்கா மண் ஒட்டிய மீன்தலை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"நாய் கொண்டுவந்து தந்தது ஐயா. எங்கட வள்ளத்து மீனில என்ன குறை?"

"மீனில ஒரு குறையும் இல்லை..."

"அப்ப என்ர கையிலயோ?"

அவர் வாய் திறக்குமுன் மீன் வியாபாரம் செய்யும் ஞானசவுந்தரி குறுக்கே வந்தார். கிணற்றில் அந்த வேறு வாளியைக் கட்டியவரும் அவர்தான்.

"ஐயா, பார்த்துச் சொல்லுங்கோ! இவள் தரம் பிரிச்ச மீனைத்தான் நாங்கள் சந்தைக்கு அனுப்புறம். கையால வருமெண்டால் எங்கட மீனை ஆர் வாங்குவினம்?"

மயூரநாதன் முணுமுணுத்தார். "தொட்டால் வராது."

"பெலத்துச் சொல்லுங்கோ," என்றார் றோஸ் அக்கா.

"தொட்டால் வராது! சாப்பிட்டாலும் வராது!"

"ஒரே வாளியில அள்ளினால்?"

"வராது."

றோஸ் அக்கா ஞானசவுந்தரியைத் திரும்பிப் பார்த்தார். ஞானசவுந்தரி கடலைப் பார்த்தார்.

"அப்ப வாங்கோ ஐயா, காலைக் கட்டிவிடுங்கோ. வள்ளம் நிக்கும்."

வள்ளம் நின்றது. மருந்தகக் கதவைத் திறந்துவைத்து, எல்லோரும் பார்க்க, மயூரநாதன் குனிந்து அந்தக் காலைக் கழுவினார்.

"கையுறையைப் போடுங்கோ ஐயா. எல்லாருக்கும் போடுறதுதானே. போட மறந்தால் ஆக்கள் உங்களைப் பிழையா நினைப்பினம்."

கிணற்றிலிருந்த அந்த வாளியை றோஸ் அக்கா அன்றைக்கே அம்பிகையின் வாசல் படலையில் தொங்கவிட்டார். யாரும் கழற்றத் துணியவில்லை.

புண் ஆறிவிட்டது. றோஸ் அக்காவின் மனம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். சளித் தடிமன், முள்ளுக்குத்து, நுளம்புக்கடி என்று எல்லாவற்றுக்கும் மருந்தகத்தில் முதல் ஆளாக நிற்கிறார். மருந்து வாங்கியதும் பின்வீட்டுக்குப் போய்க் கறிமீனைக் கொடுப்பார். குசினியில் அது கொதிக்கும் மணம் வந்த பிறகுதான் படலையை விட்டு நகர்வார்.