கஞ்சி போட்ட தாவணி

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் நான் இந்த உலகத்திலேயே இருக்க மாட்டேன். விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும்தான். இலைக்குள் வெயில்பட்டுச் சர்க்கரை உண்டாகிறது, சர்க்கரை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மாவுச்சத்தாகிறது என்று புகுமுக வகுப்பில் படித்த நாளிலிருந்து, வயலைப் பார்த்தாலே கண் சொக்கும். அத்தனை பச்சைக்குள்ளும் யாரோ சத்தமில்லாமல் பூத்தொடுப்பதாகத் தோன்றும். இந்த மயக்கத்தில் இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. உயிரியல் செய்முறைத் தேர்வன்று காலையில் அப்பா சொன்னார்.

"பாஸ் பண்ணா மேல படி. பெயிலாயிட்டா வூட்ல குந்திக்கினு மல்லாட்டை உரி."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தேன். அம்மா, சோறு வடித்த கஞ்சியில் தோய்த்து மொடமொடவென்று காயவைத்த வெள்ளைத் தாவணியை எடுத்துக் கொடுத்தாள்.

தேர்வில் ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் கொடுத்து, என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மாவுச்சத்தென்றால் அயோடின் விட்டதும் நீலமாகும். குளுக்கோஸ் போன்ற சர்க்கரையென்றால் அதற்கான கரைசலோடு சேர்த்துச் சூடாக்கும்போது செங்கல் நிறம் வரும். சோதனைக்குழாயைக் கழுவி, வீட்டில் டம்ளர் துடைக்கிற பழக்கத்தில் தாவணி முனையை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தேன். தூள் முழுவதையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். சட்டென்று கரைந்தது. மாவு அப்படிக் கரையாது என்று யோசித்திருக்கலாம். கனவுக்காரிக்கு ஏது யோசனை?

அயோடின் விட்டேன். அழகான நீலம். ஆசைதீரப் பார்த்துவிட்டு 'மாவுச்சத்து' என்று எழுதினேன். அப்போது ஒரு சொட்டு தாவணியில் விழுந்தது. அங்கேயும் அதே நீலம் பரவியது. குழாயில் நான் கண்டது அம்மாவின் கஞ்சி.

தேர்வு நடத்த வந்த ஆசிரியர் வெளியூர்க்காரர், சிரிக்காத முகம். தாவணியைக் காட்டினேன்.

"இதால தொடச்சிட்டேன் சார். கஞ்சி போட்டது. தூளும் தீந்துபோச்சு."

அவர் அயோடினை வாங்கித் தன் சட்டை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். அதுவும் நீலமானது.

"எங்க வீட்லயும் இதே கஞ்சிதாம்மா," என்று இன்னொரு பொட்டலம் கொடுத்தார். "சீக்கிரம் முடி."

வேறு குழாயை எடுத்தேன். துடைக்கவில்லை. இந்த முறை அயோடினுக்கு நீலம் வரவில்லை; கரைசலோடு சூடாக்கியதும் செங்கல் நிறம் வந்தது. எழுதியதை அடித்துவிட்டு 'சர்க்கரை' என்று எழுதினேன்.

மாலையில் அம்மா கறையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"என் கஞ்சியாலயாடி பெயிலாவப் பாத்த?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கஞ்சியும் சர்க்கரை கோத்ததுதான், நான் முதலில் எழுதியதும் முழுப் பொய்யில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

தேறிவிட்டேன். மேலே படித்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தேர்வுக்கும் அம்மா என் துணிக்குக் கஞ்சி போடவில்லை. தேர்வுக்கு முதல் நாளே, வடித்த கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். ஊரில் எல்லாப் பெண்களும் மொடமொடவென்று போக, நான் மட்டும் தொளதொளத்த தாவணியில் போய் எழுதிவிட்டு வந்தேன்.