வெல்டாவின் கல்லாவைத் தாண்டிப் போனவை

ஒக்லஹோமாவில் ஹாலோரன் என்ற சிற்றூர். அங்கே இருக்கும் ஒரே மளிகைக்கடையின் கல்லாவில் வெல்டா இருபது வருஷத்துக்கும் மேலாக நிற்கிறாள். பால் வாங்கினாலும் பல்பொடி வாங்கினாலும் ஊருக்குச் சேரவேண்டிய விற்பனை வரியை இயந்திரமே சேர்த்துவிடும். அதைப் பற்றி அவள் பெரிதாக நினைத்ததில்லை.

புதுத் தீயணைப்பு வண்டி வாங்க அந்த வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. அவளும் கணவன் ஆர்லிஸும் கூட்டலாம் என்றே போட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த சனிக்கிழமையே ஆர்லிஸ், டயர் வாங்க, வரி குறைவான பக்கத்து நகரத்துக்குக் கிளம்பினான்.

"கூட்டச் சொன்னதும் நீ, குடுக்காம ஓடுறதும் நீ. வெக்கமா இல்ல?"

"மத்தவங்க குடுப்பாங்கல்ல அம்மணி? நான் ஒருத்தன் குடுக்கலேன்னா வண்டி நொண்டிடுமா?"

"இதையே சொல்லிட்டுத்தான் பாதி ஊரு அங்க வரிசைல நிக்குது."

எப்படியோ வண்டி வந்து சேர்ந்தது. மார்ச் மாதம், பேய்க்காற்று அடித்த ஒரு பிற்பகலில், மேற்கே மேய்ச்சல் நிலத்தில் தீ பிடித்தது. சேதி கேட்டு வெல்டா கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் பறந்தாள். சிடார் மரங்கள் படபடவென்று வெடிக்க, தீ அவர்கள் வேலியை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. ஆர்லிஸ் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றான்.

அப்போது வண்டி வந்தது. தீவனக்கடை டாய்லும் இன்னும் நாலைந்து ஊர்க்காரர்களும் அதிலிருந்து குதித்தார்கள்.

"தள்ளுய்யா ஆர்லிஸ்! ரோஜாச் செடிக்கா ஊத்துற?" என்று கத்தினான் டாய்ல்.

தண்ணீர் சீறி எழுந்து, வானத்தில் வளைந்து, கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே இறங்கியது. வெல்டா அண்ணாந்து பார்த்தாள். குழந்தைத் துணி, பூனைத் தீனி, பிறந்தநாள் கேக்கு, யாரோ சில்லறை தேடி வாங்கிப்போன ஒற்றைச் சோப்பு... எல்லாம் அவள் கைபட்டுத் தாண்டிப் போனவை. அத்தனைக்கும் விழுந்த வரிக்காசு சேர்ந்து இப்படி எழும்பி நிற்குமா!

கொட்டகை போய்விட்டது. வீடு நின்றது.

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, வண்டியின் ஈரப் பக்கவாட்டில் கை வைத்தான். "இதுல என்னோடது ஒண்ணுமே இல்ல, வெல்டா."

சுருக்கென்று ஒன்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டாள்.

"நாய்க்கு பிஸ்கட்டு என்கிட்டதானே வாங்குற? ஒரு துளி இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. டாய்ல் சுருட்டிக்கொண்டிருந்த கனத்த குழாயின் மறுமுனையைப் போய்த் தூக்கிக்கொண்டான்.