கோலசிலாங்கூரில் மச்சான் வீடு

வெள்ளிக்கிழமை.

கிள்ளான் ரயில் நிலையத்துக்கு வெளியே காலை ஒன்பது மணிக்கு மூன்று வாடகை மோட்டார்கள் நின்றன. கோலசிலாங்கூருக்கு இருபத்தெட்டு மைல். தலைக்கு ஒரு வெள்ளி, குழந்தைக்குப் பாதி. எங்கள் பிரம்புக் கூடைக்குத் தனிக் கூலி கேட்ட சீன ஓட்டுநர் அதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே அரிசி, பருப்பு, இரண்டு சட்டி, ஓர் இரும்பு அடுப்பு. குடியேறப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டார். ஈஸ்டர் விடுமுறைக்குப் போகிறோம், திங்கள் மாலை திரும்பிவிடுவோம் என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கூடைக்கு இருபது காசு போதும் என்றார்.

அந்தக் கூடை என் மனைவி பாக்கியம் போட்ட நிபந்தனை. அவளுக்கு வந்த இரண்டு மாதக் காய்ச்சலுக்குப் பிறகு கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோலசிலாங்கூர் மலைமேல் உள்ள விருந்தினர் மாளிகை துரைமாருக்கு. குடும்பத்தோடு போகும் எங்களைப் போன்றவர் தங்க ஊரில் இருந்தது ஒரே இடம், ஆற்றோரம் அறைகளை வாடகைக்கு விடும் ஒரு மலாய் வீடு. அதை நடத்துபவர் பாக்கியத்தின் தமையன் கனகசபை. பக்கத்து ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர், ஏழு வருஷத்துக்கு முன் இஸ்லாத்தைத் தழுவி சலேஹா என்ற மலாய்ப் பெண்ணை மணந்தார். ஊருக்கு இப்போது அவர் காதர். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் தொடக் கூடாது என்று என் மாமனார் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். போன வருஷம் அவர் காலமானார். சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

ஆகவே அறைக்கு வாடகை கொடுப்பது, சோறு நாங்களே பொங்குவது என்ற ஏற்பாட்டில்தான் பாக்கியம் புறப்பட்டாள்.

காப்பார் தாண்டியதும் இருபுறமும் ரப்பர். மரங்களுக்கு நடுவே கறுத்த தண்ணீர் நிற்கும் வடிகால்கள். புகைக்கூடத்தில் காயும் ரப்பர்த் தகட்டின் வாடை ஐந்தாறு மைல் கூடவே வந்தது. ஜெராமில் அதை மீன்வாடை வென்றது. அங்கே பரண்களில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மீன் புழங்காது. எங்கள் மகள் புவனத்துக்கு எட்டு வயது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, மாமாவும் இதைத்தான் சாப்பிடுவாரா என்று கேட்டாள்.

பதினோரு மணிக்குச் சேர்ந்தோம். வீடு ஆளுயரத் தூண்கள் மேல் நிற்கிறது. கூரை நீப்பா ஓலை. படியடியில் கால் கழுவப் பெரிய மண்ஜாடியும் தேங்காய்ச் சிரட்டை அகப்பையும். முன்கூடத்தில் பாய்கள், அதை ஒட்டி மூன்று அறைகள், பின்னால் ஒரு பலகைப் பாலத்தைக் கடந்தால் சமையற்கட்டு. அறைக்கு இரவொன்றுக்கு ஒரு வெள்ளி. மச்சான் வெள்ளைத் தொப்பியும் கைலியும் அணிந்து படியில் நின்றார். என் கையைப் பிடித்தார். தங்கையைப் பார்த்து, மெலிந்துவிட்டாய் என்று மட்டும் சொன்னார். வாடகையை முன்பணமாக நீட்டியபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் அவள் தங்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சலேஹா எங்களுக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்தார். உங்களுக்கு என்று நான் கேட்டபின்தான் எனக்கு உறைத்தது, நோன்பு மாதம். பிறை கண்ட செய்தியைப் பதினைந்து நாளுக்கு முன் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் நானே திருத்தி அச்சுக்கு அனுப்பியிருந்தேன். பயண நாளைக் குறித்தபோது அது நினைவில் இல்லை.

பாக்கியம் காப்பியைத் தொடவில்லை. மாலையில் வீட்டின் பின்புறம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளிடம் மச்சான் வந்தார்.

"தங்கச்சி, போறதுக்குள்ள ஒரு நேரம் என்னோட இருந்து சாப்பிடு. வேற ஒண்டும் உன்னட்டக் கேக்கேல்லை."

"அரிசி கொண்டு வந்தனாங்கள் அண்ணை."

அவர் அடுப்புக்குக் காய்ந்த மட்டை இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை.

காலையில் மலை ஏறினோம். உச்சியில் வெளிச்ச வீடு, பழைய பீரங்கிகள், கீழே சேற்று நிறத்தில் கடல். மணல் கிடையாது. கடற்கரை என்று எதிர்பார்த்து வருபவர் சதுப்புக் காட்டைத்தான் பார்ப்பார். காற்று மட்டும் உண்மை. பாக்கியம் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள், இருமல் வரவில்லை.

பிற்பகல் மச்சான் என்னையும் புவனத்தையும் மாட்டுவண்டியில் தாம் வேலைபார்த்த தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால், அவர்களை வேலைவாங்கும் மண்டோர் ஒருவர் பல் குத்திக்கொண்டு நின்றார்.

"வாங்க கெராணி ஐயா. தொப்பி வெயிலுக்கா, மழைக்கா?"

"ரெண்டுக்கும் ஆகும், மண்டோர். உன்ர வாயை மூடவும் ஆகும்."

லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். மண்டோரும் சிரித்து, இளநீர் வெட்டச் சொன்னார். மச்சான் நோன்பு என்றதும் அவர் தமக்கென எடுத்த இளநீரையும் கீழே வைத்துவிட்டார். திரும்பும் வழியில் மச்சான், இவர்கள் கேலி செய்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுகிறார்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை.

காலையில் மழை. புவனம் சமையற்கட்டிலேயே கிடந்தாள். முதல் நாளிலிருந்தே நோன்பு திறக்கும் நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பலகாரம் தின்கிறாள். பாக்கியத்துக்கு அது தெரியும். தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அன்று மாலை குழந்தை வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, மாமா வீட்டில மீனே இல்லை. நாங்கள் வாறம் எண்டு கேட்ட நாளில இருந்து சமைக்கேல்லையாம். சட்டியெல்லாம் புதுசாம். மாமி சொன்னவ."

ஆற்றில் மீன்படகுகள் கட்டும் துறை அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பகல் முழுவதும் பட்டினி கிடந்து, அந்தியில் கத்தரிக்காயும் பருப்பும் தின்று எழுந்திருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பாக்கியம் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டி முடித்த பிறகும் துணியை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை.

தமிழ் வருஷப் பிறப்பு. பாக்கியம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டாள். அடுப்பை மூட்டவில்லை. ஒன்பது மணிக்குப் பலகைப் பாலத்தைக் கடந்து சமையற்கட்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணை, இண்டைக்கு வருஷம். நீங்கள் சமையுங்கோ. மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம்."

மச்சான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது; பிறகு அது அப்படியே நின்றது.

"பொழுதுபடும் மட்டும் பொறுக்க மாட்டியோ?"

அவள் என்னைப் பார்த்தாள். கிள்ளானில் ஏழேகால் ரயில். அதற்கு ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும். மோட்டாரும் பேசியாகிவிட்டது. மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்றேன். இப்போது யோசித்தால், தந்தி ஒன்று கொடுத்து ஒரு நாள் விடுப்பு கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைத்திருக்கும்.

சலேஹா தம் கணவரிடம் மலாயில் ஏதோ மெதுவாகச் சொன்னார். விட்ட நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு நோற்றுக் கொள்பவர்களும் உண்டு, முடிவு உங்களுடையது என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

"ஏலாது தங்கச்சி. ஒருக்கா ஒண்டை விட்டுப்போட்டு வந்தனான். இதையும் விட்டா என்னட்ட ஒண்டும் மிஞ்சாது."

பாக்கியம் தலையசைத்தாள். அவளுக்கு அது விளங்கியது என்றே நினைக்கிறேன்.

அவர்தான் சமைத்தார். பயத்தங்காய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, ஒரு பாயசம். பன்னிரண்டரைக்குப் பாய் விரித்தார்கள். பாக்கியம் தன் பக்கத்தில் தமையனுக்கும் இடம் விட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் தட்டு இல்லை.

முதல் கவளத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. நோன்பிருப்பவர் ருசி பார்க்காமலே இறக்கிவிட்டார். புவனம் முகத்தைச் சுளித்தாள். பாக்கியம் அவள் தொடையைத் தொட்டாள்.

"உப்புக் காணுமோ?" என்றார் மச்சான்.

"அளவாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

இரண்டாம் முறையும் வாங்கி, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அவர் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் அவர் கேட்டது கிடைத்தது, பாதி.

ஐந்து மணிக்கு மோட்டார் வந்தது. அரிசிக் கூடையைப் பாக்கியம் சலேஹாவிடம் கொடுத்துவிட்டாள். மச்சான் புவனத்துக்கு வாழைப்பழச் சீப்பு ஒன்று தந்தார். அடுத்த விடுமுறைக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. வருகிறோம் என்று நாங்களும் சொல்லவில்லை.

இந்த முறை ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். காப்பாரைத் தாண்டிக் கிள்ளானுக்கு ஐந்து மைல் இருக்கும்போது ரப்பர் மரங்களுக்குப் பின்னால் எங்கோ பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் முரசு அடித்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஒரு போத்தல் தண்ணீரும் காகிதப் பொட்டலத்தில் பேரீச்சம்பழமும் எடுத்தார். தாம் தொடுமுன் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லக் கையெடுத்தேன். பாக்கியம் ஒரு பழம் எடுத்துக்கொண்டாள். ஓட்டுநர் வாயில் போடும்வரை கையில் வைத்திருந்து, பிறகு தின்றாள்.

"அண்ணை இப்ப சாப்பிட இருந்திருப்பார்" என்றாள்.

கோலாலம்பூரில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. முதலில் நான், பிறகு அவள். செவ்வாய்க்கிழமை நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது பாக்கியம் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்திருந்தாள். கம்போங் பாரு பள்ளிவாசல் முரசு எங்கள் தெருவரை கேட்கும். அது வரைக்கும் நான் அதைக் கவனித்ததில்லை. மாதம் முடியும்வரை அவள் தினமும் அந்த முரசு கேட்டதும்தான் சாப்பிட உட்கார்ந்தாள். பெருநாளுக்கு மறுநாள், பழையபடி எட்டு மணிக்கு எனக்குப் பரிமாறிவிட்டுத் தனியே சாப்பிட்டாள்.