பாவைப் பிடித்தபடி கேட்ட போர்க்கதை

1972, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணிக்கு நானும் இவானும் காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். இவான் எங்கள் சென்னைத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்ட வந்த குரோஷியாக்காரர். எழுபத்தைந்து கிலோமீட்டரும் தம் ஊர் ஆற்றங்கரையில் நடந்த ஒரு போரைப் பற்றியே பேசி என் பிராணனை வாங்கிவிட்டார். எனக்கோ நடை சாத்துவதற்குள் ஐந்து கோயிலாவது பார்த்துவிட வேண்டும்.

ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஒரு ரூபாய் என்று ரிக்‌ஷா பேசினேன். வழியில் நெசவாளர் தெருவில் வண்டி நின்றுவிட்டது. தெரு நீளத்துக்குப் புடவையின் நீளவாட்டு இழைகளான பட்டு நூல் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிட்டிருந்தார்கள். எடுக்கும் வரை யாரும் தாண்டக் கூடாதாம். எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது பார்த்துத் தூறல் விழுந்தது.

"ஐயோ, தூக்குங்கப்பா! நனைஞ்சா இழையெல்லாம் ஒட்டிக்கும்!" என்று அலறினார் பாவுக்குச் சொந்தக்காரி சரோஜா. "கடைக்கு எவ்ளோவோ நெய்ஞ்சிட்டோம். இது எங்க பொண்ணு கல்யாணப் பொடவை சார்!"

தெருவே ஓடி வந்தது. இவானும் குதித்து ஓடினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். எதிரில் இருந்த நீண்ட பஜனைக் கூடத்துக்குள் கொண்டுபோனோம். ஈரப் பாவைச் சுருட்டவும் கூடாது, தரையில் படவிடவும் கூடாது. எனவே இரண்டு வரிசையாக அப்படியே ஏந்திக்கொண்டு நின்றோம்.

"இந்தத் தொரைக்கு எந்த ஊரு?" என்றார் சரோஜா. அதை இங்கிலீஷில் இவானிடம் கேட்டேன். அது போதாதா! இவான் போரை ஆரம்பித்துவிட்டார். நான் தமிழில் சொன்னேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன் துருக்கியக் குதிரைப்படை ஊர்களைச் சூறையாடி, ஜனங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பியது. உனா ஆற்றுத் துறையில் குரோஷியப் படை வழிமறித்து, மூன்று நாள் போரிட்டு ஜெயித்தது.

"அது இருக்கட்டும். புடிச்சிக்கினு போன சனங்க இன்னா ஆனாங்க?" என்றார் சரோஜா.

பஸ்ஸில் அத்தனை நேரம் கேட்டும் எனக்கு இது தோன்றவில்லை. இவானிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "கட்டவிழ்த்து விட்டார்கள். நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தியின் வம்சம்தான் நாம் என்று என் அம்மா சொல்வாள்."

நான் சொல்லி முடித்ததும் கூடமே கை தட்டியது. பாவைப் பிடித்திருந்த கைகள்தான்! வெட்கக்கேடு, நானும் தட்டினேன். பாவு தொய்ந்து தரையை நோக்கி இறங்கியது. சரோஜா வீறிட்டார். தமிழ் புரியாததால் கை தட்டாத ஒரே ஆள் இவான். சட்டென்று மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டித் தாங்கிவிட்டார். அதற்குள் நாங்களும் எட்டிப் பிடித்துவிட்டோம். ஓர் இழைகூடத் தரையில் படவில்லை. பயம் தெளிந்ததும் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மழை விட்டபோது மணி பதினொன்று. ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடிந்தது. எனக்குக் குறையே தோன்றவில்லை.

விடைபெறும்போது சரோஜா, "தை மாசம் கல்யாணம். தொரை கண்டிப்பா வரணும். வீடு போய்ச் சேந்த அந்தச் சனங்களையும் இட்டுக்கினு வரச் சொல்லுங்க சார்" என்றார்.

சொன்னேன். இவான் கஞ்சி காய்ந்த கைகளைக் கூப்பினார்.

"இந்த ஐந்நூறு வருஷத்தில் அவர்களை யாருமே கல்யாணத்துக்கு அழைத்ததில்லை" என்றார்.