‘போறேன்’ என்று முடிகிற பாட்டு

போன வாரம் பேங்கில் ஒருவர் கைக்குத் தெளித்துக்கொண்ட மருந்தின் வாசனை மூக்கில் ஏறியதும், என் விரல்கள் தன்னால் பஞ்சைத் தேடின. சிரிக்காதீர்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்க நாங்கள் வைத்திருந்த ஸ்பிரிட்டுக்கும் இதே வாசனைதான்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கேசட் கடையில் ரெக்கார்டிங் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. முகம் பார்த்துப் பேச வராது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்குகிற வேலை பிடித்துப்போனது. என் கல்யாணத்திலேயே போட்டோக்காரர் கெஞ்சித்தான் என் தலையை நிமிர்த்தினார். அது கிடக்கட்டும்.

செல்லப்பா அண்ணாச்சி வருகிற நாளென்றால் காலையிலேயே எனக்குப் பரபரப்பாகிவிடும். சேரன்மகாதேவிக்காரர். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, ஆர்மோனியத்தோடு பாடுவார். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம், சுவரெல்லாம் சாக்கு. எங்களுக்கு வேர்த்து ஊற்றும். அவர் மட்டும் புதுமாப்பிள்ளை போல இருப்பார்.

கடைசிக் கேசட்டின்போது அவர் தொண்டையில் புற்று. டாக்டர் மாதக் கணக்குதான் சொல்லியிருந்தார். மறுநாள் ஆபரேஷன், அதன்பின் குரல் இருக்காது. ஏழு பாட்டு முடிந்திருந்தது. எட்டாவது, அவர் தனக்கே எழுதிக்கொண்ட வழியனுப்புப் பாட்டு. அழுகைப் பாட்டு இல்லை; தபேலா குதிரை மாதிரி ஓடும். “ஆத்துத் தண்ணிய விட்டுப் போறேன், அடிச்ச வெயில விட்டுப் போறேன், பொண்டாட்டி ஏச்ச விட்டுப் போறேன்” என்று போகும். வரிக்கு வரி பின்பாட்டும் “போறேன்” சொல்ல வேண்டும்.

அங்கேதான் பின்பாட்டுக்காரர்கள் இருவரும் எழுந்துவிட்டார்கள். நம் பக்கம் முக்குக் கடைக்குப் போகிறவன்கூட “போயிட்டு வாரேன்” என்றுதானே சொல்வான்.

“உசுரோட உக்காந்திருக்க ஆளுக்கு இதைப் பாடச் சொல்லுதீரே அண்ணாச்சி. நாக்கு அழுகிரும்” என்றார் மூத்தவர்.

“நீரு பாடலைன்னா நான் இருந்திருவனா வே?”

அவர்கள் நிற்கவில்லை. அண்ணாச்சி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “ஏலே, மெசினைப் போட்டுட்டு இங்கன வா. நீ பாடு.”

“எனக்கு வராது அண்ணாச்சி.”

“பேசத்தானலே உனக்கு வராது. சுவரைப் பாத்துப் பாடு.”

சாக்கைப் பார்த்து நின்றேன். அண்ணாச்சியின் குரல் நூலாகத்தான் வந்தது, தாளம் மட்டும் பிசகவில்லை. “ஆத்துத் தண்ணிய விட்டுப் போறேன்” என்று முடித்து எனக்கு விட்டார். வாயைத் திறந்தேன். “போயிட்டு வாரேன்” என்று வந்துவிட்டது.

தபேலாக்காரர் திகைத்துப் பார்த்தார். அண்ணாச்சி தோள் குலுங்கச் சிரித்து, நிறுத்தாதே என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். அவர் “போறேன்” என்க, நான் “வாரேன்” என்க, அறையே ஓடுகிறாற்போல் இருந்தது. எப்போது சுவரை விட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துப் பாடினேனோ, தெரியாது.

“அழிச்சிட்டுத் திருப்பி எடுப்போமா அண்ணாச்சி?” என்றேன், பாட்டு முடிந்ததும்.

“தொட்டே, கைய ஒடிச்சிருவேன். இதாம்லே பாட்டு.”

கேசட் எங்கள் பக்கத்து பஸ்களில் எல்லாம் ஓடியது. ஆட்கள் கூட்டமாக “வாரேன்” போட்டார்கள். குரல் போனபிறகு ஒருநாள் அப்படியொரு பஸ்ஸில் வந்த அண்ணாச்சி, யாரிடமும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல், தொடையில் தாளம் தட்டிக்கொண்டே வந்தாராம். அவர் மனைவி சொன்னார். அந்த ஆடியில் போய்விட்டார்.

இப்போது அந்தக் கடை இல்லை. என்னிடமிருந்த ஒரே கேசட்டும் பூசணம் பிடித்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன். தபேலா கேட்கிறது. என் “வாரேன்” கேட்கிறது. நடுவே அவர் பாடுகிற இடம் மட்டும் சத்தமில்லாமல் கிடக்கிறது.