கூழைக்கடா மாப்பிள்ளை

ஊர்க் காபிக்கடையில் ஸ்டெர்கியோஸுக்குப் பட்டப்பெயர் 'கூழைக்கடா மாப்பிள்ளை'. மலைகளுக்கு நடுவே கிடக்கும் அந்த எல்லையோர ஏரியில் மீன் பிடிப்பவர்களில், நீர்ப்பறவைப் பாதுகாப்புச் சங்கத்தில் சேர்ந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்குக் கூழைக்கடா என்றால் வலையில் விழுந்த மீனையே உருவிக்கொண்டு போகும் திருட்டுப் பறவை. சங்கத்துக்காரர்கள் முதன்முதலில் வந்து படகு கேட்டபோது யாரும் கொடுக்கவில்லை. ஸ்டெர்கியோஸ் கொடுத்தான். அந்த வருஷம் அவன் வலையில் ஒன்றும் விழவில்லை, படகு வாடகையாவது கிடைக்குமே என்பதுதான் காரணம். ஆனால் போகப் போக, நாணல் திட்டில் அவை முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் விதம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. தலையில் கலைந்த சுருட்டை இறகோடு, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட பாதிரியார் மாதிரி அவை முறைக்கும்.

சங்கத்தின் அலுவலகம் பழைய பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவள் மிர்சினி, தெசலோனிக்கி நகரத்தில் கால்நடை மருத்துவம் படித்தவள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அவள் அவனை மாடிக்குக் கூப்பிட்டுத் தொலைநோக்கியைக் காட்டினாள்.

"அண்ணே, தெக்குத் திட்டப் பாருங்க. என்னமோ சரியில்ல."

பார்த்தான். சில பறவைகள் கழுத்தை முதுகில் போட்டபடி கிடந்தன.

"தூங்குதுங்க போல."

"காலைலேர்ந்து பாக்கறேன். அசையவே இல்ல."

இருவரும் படகில் போய் இறந்த பறவை ஒன்றிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார்கள். பறவைக் காய்ச்சல் என்று பதில் வந்தது. மறுநாளே ஏரியில் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. சுற்றுவட்டார ஊர்களில் அதிகாரிகள் வந்து கோழிகளை எல்லாம் அழிப்பதற்குச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனார்கள். ஸ்டெர்கியோஸின் மனைவி வாயா வளர்த்த கோழிகளும் போயின. வாயா அப்போது கர்ப்பமாக இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கி, இனி இல்லை என்று விட்டுவிட்ட பிறகு உண்டான பிள்ளை.

காபிக்கடைக்கு அவன் போனபோது பேச்சு நின்றது. சித்தப்பா மகன் பாண்டெலிஸ் மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வாங்க மாப்பிள்ளை. ஒங்க மாமனார் வீட்டுல சாவு விழுந்திருக்காமே?"

யாரும் சிரிக்கவில்லை.

"பாண்டெலிஸ், வேணாம்டா."

"என்னடா வேணாம்? இந்த ஏரி மீனுன்னாலே யாபாரி வண்டிய நிறுத்த மாட்டேங்கறான். ஊர் ஊரா இருக்கறவன எல்லாம் கூட்டிட்டு வந்து ஏரிக்குள்ள விட்டது யாரு? ஒன் சங்கந்தான?"

"நோயக் கொண்டாந்தது பறவைடா, மனுசன் இல்ல."

"அப்ப அந்தப் பறவையவே கட்டிட்டு அழு."

அவன் காபி சொல்லாமலே திரும்பிவிட்டான்.

செத்த பறவைகள் மிதந்து கரைக்கு வரத் தொடங்கின. கடற்காகங்கள் அவற்றைக் கிழித்தன. அப்படியே விட்டால் நோய் மற்றத் திட்டுகளுக்கும் பரவும், அள்ளியே ஆக வேண்டும் என்றாள் மிர்சினி. சங்கம் அதற்கு அனுமதி வாங்கிவிட்டது. ஆனால் ஏரியின் ஆழமும் சேறும் தெரிந்து, பறவைகளைக் கலைக்காமல் படகைத் திட்டோரம் கொண்டுபோக ஆள் வேண்டும்.

"நான் ஒங்கள வற்புறுத்த மாட்டேன். வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

வாயா பீன்ஸ் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

"மனுசனுக்கு ஒட்டுமா?"

"அபூர்வமா ஒட்டுமாம்."

"எத்தன வருசமாப் புள்ள புள்ளன்னு தவங்கிடந்தோம். அதுவும் அபூர்வந்தான?"

அவன் கீழே சிந்திய பீன்ஸை எடுத்துப் போட்டான்.

"நான் போவலைன்னா மிர்சினி தனியாப் போவா. அவளுக்குத் துடுப்பே சரியாப் புடிக்கத் தெரியாது."

வாயா உள்ளே போய் அவனுடைய கம்பளியையும் மாற்றுத் துணியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

"போ. ஆனா எல்லாம் முடியற வரைக்கும் இந்தப் படி ஏறாத."

நாணலோரம் இருந்த மீன்பிடிக் குடிசையில் அவன் தங்கினான். காலையில் வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை. மூச்சில் கண்ணாடி மங்கிவிடும். வேகமாகப் போனால் நலமாக இருக்கிற பறவைகள் பதறி எழும்பும். அவை எழும்பினால் கடற்காகம் முட்டையைத் தூக்கிவிடும். அதனால் படகைத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போவதுபோல நகர்த்தினான். செத்தவற்றுக்கு நடுவில் உயிரோடிருந்தவை அடைகாத்துக்கொண்டிருந்தன. செத்த ஒன்றின் இறக்கையைப் பிடித்து இழுக்கும்போது, பக்கத்தில் இருந்தது எழுந்து ஓடவில்லை. முட்டையை மட்டும் இன்னும் கொஞ்சம் அடிவயிற்றுக்குள் தள்ளிக்கொண்டது. செத்தவற்றைப் போட மிர்சினி படகின் மறுமுனையில் சாக்கைத் திறந்து பிடித்திருந்தாள்.

கடைசித் திட்டில்தான் அது நடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து அவன் தூக்கிய பறவைக்கு உயிர் இருந்தது. தலையை ஒருமுறை சுழற்றிற்று. அலகின் நுனிக் கொக்கி இரண்டு கையுறைகளையும் கிழித்து உள்ளங்கையில் இறங்கியது.

மிர்சினி மருந்தை ஊற்றிக் கழுவினாள். கழுவிய இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, முள்ளு குத்தின மாதிரிதான்."

அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

ஊரிலிருந்து மருத்துவர் வந்து, மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்துப் போனார். முடிவு வரும் வரை குடிசையை விட்டு நகரக் கூடாது. ஸ்டெர்கியோஸ் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். இருமல் வரும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். பிள்ளைக்கு என்ன பெயர் என்று வாயாவும் அவனும் இன்னும் பேசி முடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் பகலில் துடுப்புச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பாண்டெலிஸ் படகு வலித்துக்கொண்டிருந்தான். எதிரே, வயிற்றின்மேல் கையைக் கட்டிக்கொண்டு வாயா.

"அங்கயே நில்லு! கிட்ட வராத!" என்று கத்தினான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். பாண்டெலிஸ் படகைத் திருப்பி நிறுத்தினான்.

"யோவ், காய்ச்சல்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பத் தெரியாதா? ஊரான் வாயிலேர்ந்துதான் நான் கேக்கணுமா?"

"பயந்துக்குவன்னு..."

"இப்ப மட்டும் ஆடிப் பாடிட்டா வந்திருக்கேன்?"

பாண்டெலிஸ் அவன் பக்கம் பார்க்காமல் சொன்னான்: "நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். இவ தனியாப் படகெடுத்தா. கவுந்தா ஊரு என்னையத்தான பேசும்?"

"ஏரில எறங்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கேடா."

"ஆமா, பெரிய உத்தரவு. வாய மூடிட்டுப் படு. பொணம் மாதிரி இருக்க."

வாயா சூப்பு ஊற்றிய பாத்திரத்தைக் கரைக் கட்டையில் வைக்கச் சொன்னாள். பாண்டெலிஸ் துடுப்பு நுனியால் அதைத் தள்ளி வைத்தான். படகு போன பிறகும் வாயா திரும்பித் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. கையை மட்டும் ஆட்டவில்லை.

அன்று சாயங்காலம் மிர்சினி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் குரலில் இருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அண்ணே, அது இல்ல. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். ஈரத்துலயே நின்னதுல வந்திருக்கு."

"சரிம்மா" என்றான். போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சூப்பை எடுத்துக் குடித்தான்.

கோடையில் பெண் பிறந்தாள். ஏரியில் பாதிக்கு மேல் பறவைகள் போய்விட்டன. சங்கம் அவனை ஏரிக் காவலாளியாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. வலைகளைப் பாண்டெலிஸ் வாங்கிக்கொண்டான், சங்கத்தைத் திட்டிக்கொண்டேதான்.

அடுத்த குளிர்காலக் கடைசியில் கூழைக்கடாக்கள் திரும்ப வந்தன, கொஞ்சமாக. திட்டுகளைப் பார்த்து வர மிர்சினி கூப்பிட்டாள். ஸ்டெர்கியோஸ் படகில் ஏறி உட்கார்ந்தான். துடுப்பை எடுக்கக் கை வரவில்லை. வெள்ளையாக எது தெரிந்தாலும் செத்த பறவையோ என்று பார்த்தான்.

"இன்னிக்கு வேணாம்னா நாளைக்குப் போலாம்ணே."

"நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றான்.

துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு படகின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னான்.